ஆள் வராவிட்டால் தேடுகிற கூட்டம்

தமிழகத்தில் வேலாயுதம்பாளையம்புதூர் என்றொரு சிற்றூர். அங்கே முத்துசாமி கோயில் இருக்கிறது. மனம் கலங்கியவர்களை உறவினர்கள் அழைத்துவந்து அந்தக் கோயிலில் சில வாரம் தங்கவைப்பார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸில் மனநல மருத்துவராக இருந்த ரகுராமும் உடன் ஆய்வாளர்களும் அப்படித் தங்கிய 31 பேரை, வந்தபோதும் கிளம்பும்போதும் சோதித்துப் பார்த்தார்கள். சராசரியாக ஆறு வாரத் தங்கல். நோயின் கடுமையைக் காட்டும் மதிப்பெண் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஆய்வு 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது.

ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லாத சின்ன ஆய்வு அது. அதை மட்டும் வைத்துக்கொண்டு கோயிலே மருந்து என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அங்கே என்ன நடந்தது என்பது கவனிக்க வேண்டியது. நோய் தீர்க்கவென்று தனிச் சடங்கு எதுவும் நடக்கவில்லை. காலையில் கால்மணி நேரப் பூஜை. மற்ற நேரத்தில் கோயிலைப் பெருக்கினார்கள், செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். வீட்டு மனிதர் ஒருவர் கூடவே இருந்தார். யாரும் முகம் சுளிக்கவில்லை, விரட்டவில்லை.

வாழ்க்கை திசைமாறும் காலத்தில் ஆன்மிகத் துணை தேடுகிறவர்கள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகத்தான் செய்கிறார்கள். கணவர் இறந்த சில மாதத்தில் பிள்ளைகள் அம்மாவைக் கும்பகோணத்துக்கு அழைத்துப்போய் ஒன்பது நவக்கிரகக் கோயில்களையும் இரண்டு நாளில் காட்டிவிட்டு வருவார்கள். பணி ஓய்வு பெற்றவர் காசி, ராமேஸ்வரம் என்று சுற்றுலா பஸ்ஸில் இடம் போடுவார். போய்வருவதில் தவறில்லை, மனசு லேசாகும். ஆனால் திரும்பிவந்து கதவைத் திறந்தால் அதே வீடு, அதே ஆளில்லாத கூடம். அடுத்த செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என்ன செய்வது என்ற கேள்விக்கு ஒன்பது கோயிலும் பதில் சொல்லாது.

அமெரிக்கச் சமூகவியல் ஆய்வாளர்கள் சேயூன் லிம், ராபர்ட் புட்னம் இருவரும் 2006இலும் 2007இலும் ஒரே மக்களிடம் இருமுறை கேள்விகள் கேட்டு, 2010இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வாரந்தோறும் வழிபாட்டுக்குப் போய், போகிற சபையிலேயே மூன்று முதல் ஐந்து நெருங்கிய நண்பர்களும் உடையவர்களில் 33 சதவீதம் பேர் வாழ்க்கையில் மிகுந்த நிறைவு இருப்பதாகச் சொன்னார்கள். வாரந்தோறும் போயும் அங்கே நெருங்கிய நண்பர் ஒருவர்கூட இல்லாதவர்களிடம் அது 19 சதவீதம். வழிபாட்டுப் பக்கமே போகாதவர்களிடமும் 19 சதவீதம்தான். பெரும்பாலும் கிறிஸ்தவர்களைப் பற்றிய கணக்கு என்றாலும், நம் ஊர்க் கோயில் பிராகாரத்தில் தனியாகச் சுற்றிவிட்டுத் தனியாக வீடு திரும்புகிறவர்கள் அதில் தங்களைப் பார்க்கலாம்.

ஆகவே இந்த அத்தியாயம் சொல்வது ஒன்றுதான். பெரிய இடத்தைத் தேட வேண்டாம். அதே முகங்கள் திரும்பத் திரும்பக் கூடுகிற, வந்தவருக்கு ஒரு வேலை கொடுக்கிற, ஒருவாரம் ஆளைக் காணோம் என்றால் “ஏன் போன வாரம் வரலை?” என்று கேட்கிற சின்னக் கூட்டத்தைத் தேட வேண்டும்.

இதில் இந்துக்களுக்குத்தான் சிரமம் அதிகம். கோயிலுக்கு உறுப்பினர் பட்டியல் கிடையாது. ஒருவர் இருபது வருஷம் ஒரே சன்னிதியில் அர்ச்சனைச் சீட்டு வாங்கியிருப்பார். அவர் பெயரும் நட்சத்திரமும் குருக்களுக்கு மனப்பாடமாக இருக்கும். ஆனால் அவர் காய்ச்சலில் கிடந்தால் கோயிலில் யாருக்கும் தெரியாது. கோயிலுக்குள் போவது சுலபம், கோயிலைச் சுற்றியுள்ள குழுவுக்குள் போவதற்குத்தான் வழி கேட்க வேண்டும். புது ஊருக்குக் குடிவந்தவர் அந்த வழியைக் கேட்க ஏற்ற ஆள், வாசலில் பூக்கட்டுகிற அம்மா. பிரதோஷத்துக்குப் பதிகம் பாடுகிறவர்கள் யார், பௌர்ணமிக்கு விளக்குப் பூஜை நடத்துவது எந்தத் தெருப் பெண்கள், மார்கழியில் விடிகாலையில் வீதி பஜனை எங்கே கிளம்புகிறது, எல்லாம் அவருக்குத் தெரியும். மண்டபச் சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ்களையும் நின்று படிப்பது நல்லது. அடியில் ஒரு தொலைபேசி எண் இருக்கும்.

தனியாக வருகிறவருக்கு மிகவும் ஏற்றது திருவாசக முற்றோதல். 51 பகுதிகளையும் ஒரே நாளில் பாடி முடிக்கிறார்கள். காலையில் தொடங்கினால் சாயங்காலமாகிவிடும். திருக்கழுக்குன்றம் தாமோதரன் போன்றவர்களால் இந்த வழக்கம் கடந்த சில பத்தாண்டுகளில் ஊர் ஊராகப் பரவியிருக்கிறது. புதிதாக வந்தவர் தூணோரமாக உட்காருவார். பக்கத்தில் இருக்கும் அம்மா கேட்காமலேயே தன் புத்தகத்தை நடுவில் நகர்த்தி, பாடிக்கொண்டே வரியில் விரல் வைத்துக் காட்டுவார். ராகம் தெரியாவிட்டாலும் நான்காவது பாட்டில் வாய் தானாகச் சேர்ந்துகொள்ளும். துக்கத்தில் இருப்பவர் இடையில் அழுதால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. திருவாசகம் கேட்டு அழுவது அங்கே இயல்பு. மதியம் பந்தியில் உட்காரும்போதுதான் “எந்த ஊரு? யாரோட வந்தீங்க?” என்று விசாரிப்பு தொடங்குகிறது. நெருங்கியவரை இழந்தவருக்கு இந்த வரிசை பொருத்தமானது. முதலில் பாட்டு, பிறகு சோறு, கேள்வி கடைசியில்.

பேசவே பிடிக்காத நிலையில் இருப்பவருக்கு உழவாரப் பணி. அப்பர் கையிலிருந்த உழவாரத்தின் பெயரால், பழைய கோயில்களைச் சுத்தம் செய்யும் குழுக்கள் தமிழகம் முழுவதும் உண்டு. பல குழுக்கள் மாதம் ஒரு ஞாயிறு கூடுகின்றன. தூணில் அப்பிய குங்குமத்தையும் எண்ணெய்ப் பிசுக்கையும் சுரண்டுவது, மதிலில் வேர்விட்ட அரசங்கன்றைப் பிடுங்குவது, பித்தளை விளக்குகளைப் புளியும் பீதாம்பரியும் போட்டுத் தேய்ப்பது. புதிதாக வருகிறவர் கையில் ஒரு துடைப்பத்தையோ விளக்கையோ கொடுத்துவிடுவார்கள். வேலை ஓய்ந்து நிழலில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிடும்போது பக்கத்தில் இருப்பவர் அறிமுகமாகியிருப்பார். ஓய்வுபெற்ற ஆண்களுக்கு இதைத் தனியாகச் சிபாரிசு செய்யலாம். முப்பது வருஷம் அலுவலகத்தில் நாலு பேரோடு வேலை செய்து பழகியவருக்கு, வேலை இல்லாத கூட்டத்தில் என்ன பேசுவது என்று தெரிவதில்லை. கையில் வேலை இருந்தால் பேச்சு தானாக வரும்.

வருஷத்தில் சில வாரம் மட்டும் ஒதுக்க முடிகிறவருக்குப் பழனி பாதயாத்திரைக் குழு, மேல்மருவத்தூருக்கு இருமுடி எடுக்கும் மன்றம், சபரிமலைக்கு மாலை போடும் குருசாமியின் குழு என்று பல உண்டு. சபரிமலைக்கு 41 நாள் விரதம் என்பதால் தினசரி பூஜை, சரணகோஷம், ஒருவர் வீட்டில் ஒருநாள் அன்னதானம் என்று குழு இறுகிவிடுகிறது. ஊருக்குப் புதியவர் குருசாமியிடம் ஐப்பசியிலேயே போய்ச் சொல்லிவைத்தால், கார்த்திகை முதல் நாள் மாலை போடும்போது இடம் இருக்கும்.

கிறிஸ்தவர்களுக்கு வழி ஏற்கெனவே போட்டுவைத்திருக்கிறது. கத்தோலிக்கப் பங்குகளில் சில பத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு அன்பியம். ஒவ்வொன்றுக்கும் ஒரு புனிதரின் பெயர். ஒவ்வொரு முறையும் ஒரு வீட்டில் கூடுவார்கள். இறைவார்த்தை வாசிப்பு, அதைப் பற்றி ஆளுக்கு நாலு வார்த்தை, மன்றாட்டு, டீ. ஒரு வீட்டில் சாவு என்றால் செபமாலை சொல்ல முதலில் வந்து நிற்பது அந்த அன்பியம்தான். குடிவந்த முதல் மாதத்திலேயே பங்கு அலுவலகத்தில் குடும்பத்தைப் பதிந்து, தங்கள் தெரு எந்த அன்பியத்தில் வருகிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஞாயிறு பூசைக்கு மட்டும் போய்வந்தால் இது தெரியாமலே வருஷங்கள் ஓடிவிடும்.

சி.எஸ்.ஐ. சபைகளில் சந்தாதான் கணக்கு. பழைய சபையில் சந்தா பாக்கியில்லாமல் கட்டி, மாற்றுக் கடிதம் வாங்கிவந்து புதிய சபையில் கொடுத்துவிடுவது நல்லது. மகள் கல்யாணத்துக்கு ஓலை வாசிக்கிற நேரத்தில் கடிதத்துக்கு அலைவது பலருக்கும் நடக்கிறது. காகித வேலையைவிட முக்கியம், ஆயரிடமோ சபை ஊழியரிடமோ “எங்க வீட்டுல ஒரு ஜெபக்கூட்டம் வைக்கணும்” என்று சொல்வது. அந்த ஒரு சாயங்காலம் நாற்காலி இரவல் வாங்கி, பக்கத்துத் தெருப் பெண்கள் வந்து உட்கார்ந்து பாடிவிட்டால் குடும்பம் சபைக்குள் வந்துவிட்டது.

முஸ்லிம் குடும்பத்துக்கு மஹல்லா ஜமாஅத். நிக்காஹ் பதிவேடும் கபர்ஸ்தானும் அதன் பொறுப்பில் இருப்பதால், தாய் ஜமாஅத்திலிருந்து ஒரு கடிதம் வாங்கிவந்து புதிய ஊரின் ஜமாஅத் தலைவரான முத்தவல்லியைப் பார்த்துப் பதிந்துகொள்வது வழக்கம். வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கிறோம் என்று தள்ளிப்போடுகிறவர்கள், வீட்டில் ஒரு சாவு விழுந்த அன்று திணறுகிறார்கள். பள்ளிவாசலில் ஆண்களுக்கு ஐந்து வேளையும் முகம் பார்க்கக் கிடைக்கிறது. பெண்களுக்கு வழி வேறு: வீடுகளில் நடக்கும் தஃலீம் என்கிற மார்க்க வகுப்பு, பெண்கள் மதரஸா. கணவரை இழந்தவர் நான்கு மாதம் பத்து நாள் இத்தாவில் இருக்கும்போது வெளியே போக மாட்டார், ஆகவே கூட்டம் அவரிடம் வரவேண்டும். யாசீன் ஓத, பேச்சுத்துணைக்கு, ஒரு கிண்ணம் குழம்போடு யார் எந்த நாள் வருவது என்று உறவுப்பெண்களும் தெருப்பெண்களும் முறைவைத்துக்கொண்டால் அந்த மாதங்கள் தாங்கக்கூடியவை ஆகும். ரமலானில் பள்ளிவாசலில் காய்ச்சும் நோன்புக் கஞ்சிக்குத் தூக்குச்சட்டியோடு நிற்கும் வரிசையில் மற்ற மதத்துப் பிள்ளைகளும் நிற்பார்கள். ஊருக்குப் புதிதானவர் அண்டை வீட்டாரை அறிந்துகொள்ள அதைவிட எளிய இடம் குறைவு.

கடல் தாண்டிப் போனவர்கள் இதையெல்லாம் முதலிலிருந்து கட்ட வேண்டியிருந்தது, கட்டினார்கள். சிங்கப்பூரில் 1827இல் நாராயண பிள்ளை நிறுவிய மாரியம்மன் கோயில், கப்பலில் வந்து இறங்கியவர்களுக்கு வேலையும் இருப்பிடமும் கிடைக்கும்வரை தங்க இடம் கொடுத்தது. இந்துத் திருமணங்களைப் பதியும் இடமாகவும் இருந்தது. அதே காலத்தில், 1828க்கும் 1830க்கும் இடையில், சோழமண்டலக் கரையிலிருந்து போன முஸ்லிம்கள் தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்காவின் நினைவாக ஒரு தர்காவை எழுப்பினார்கள். தாங்கள் விட்டுவந்த கரையை அங்கேயே நட்டுக்கொண்டார்கள்.

ஈழத்திலிருந்து போருக்குத் தப்பிப் போனவர்களின் கதை இன்னும் அண்மைக் காலத்தது. 1985இல் அகதியாக ஜெர்மனிக்கு வந்த பாஸ்கரக் குருக்கள், ஹாம் நகரில் ஒரு வீட்டின் நிலவறையில் அம்பாளை வைத்துப் பூசை செய்யத் தொடங்கினார். பிள்ளைக்குப் பெயர் வைக்க, திதி கொடுக்க, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்ய என்று சனங்கள் தொலைவிலிருந்தெல்லாம் அங்கே வந்தார்கள். 2002இல் 17 மீட்டர் உயரக் கோபுரத்தோடு ஸ்ரீ காமாட்சி அம்பாள் ஆலயம் குடமுழுக்குக் கண்டது. இன்று தேர்த்திருவிழாவுக்கு ஐரோப்பா முழுவதிலிருந்தும் ஆயிரக்கணக்கில் கூடுகிறார்கள். அதே ஜெர்மனியில் கெவெலார் என்ற மாதா திருத்தலத்துக்கு ஆகஸ்டில் தமிழர் யாத்திரை போகிறது. ஈழத்து மடு மாதாவை நினைத்து வரும் கத்தோலிக்கர்களோடு சைவர்களும் மெழுகுதிரி ஏற்றுகிறார்கள். இடம்பெயர்ந்து வந்தவர்களுக்குத் தாய் ஒருத்திதான் என்று அவர்கள் நடைமுறையில் முடிவுசெய்துகொண்டது நெஞ்சைத் தொடுகிறது.

சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகரில் 2014 டிசம்பரில் திறந்த ‘சமயங்களின் இல்லம்’ இன்னொரு படி. ஒரே கட்டடத்தில் பள்ளிவாசல், பௌத்த மண்டபம், கிறிஸ்தவ வழிபாட்டிடம், அலெவி மக்களின் கூடம் ஆகியவற்றோடு தமிழர்களின் ஞானலிங்கேச்சுரர் கோயில். பூசை தமிழில் நடக்கிறது, பெண்களும் பூசை செய்கிறார்கள். வெளிநாட்டுக்குப் புதிதாகப் போகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. திருவிழா நாளில் போனால் கூட்டம்தான் தெரியும். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியும் வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் பிறகு சமையற்கட்டும்தான் ஆட்கள் பழகும் இடம். வெங்காயம் உரிக்க ஆள் வேண்டுமா என்று கேட்டு உள்ளே போகிறவருக்கு ஒரு மணி நேரத்தில் வீடு, வைத்தியர், பிள்ளையின் பள்ளி என்று எல்லாவற்றுக்கும் வழி தெரிந்துவிடும்.

கணவரை இழந்த பெண்ணைப் பற்றி இங்கே ஒளிக்காமல் பேச வேண்டும். கோயில் வாசலில் அவரை யாரும் தடுப்பதில்லை. ஆனால் சுமங்கலி பூஜை, தாம்பூலம், மாவிளக்கு ஊர்வலத்தின் முதல் வரிசை என்று ஒவ்வொன்றிலும் மெல்ல ஒதுக்குகிறார்கள். கணவர் இருந்தவரை விளக்குப் பூஜையை நடத்திக்கொடுத்தவரே அடுத்த மாதத்திலிருந்து பின்வரிசைக்குப் போகிறார். ஆறுதல் மிகவும் தேவைப்படும் நேரத்தில், ஆறுதல் கொடுத்த கூட்டத்தையே அவர் இழக்கிறார். இது கொடுமை, இதைச் சம்பிரதாயம் என்று சொல்லி ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. மேல்மருவத்தூர் வழியில் வரும் வார வழிபாட்டு மன்றங்களில் பெண்களே கருவறைப் பூஜை செய்கிறார்கள். மாதவிலக்கும் அங்கே தடையில்லை. முற்றோதல், திருப்புகழ் வகுப்பு, உழவாரம் எதிலும் பொட்டையும் தாலியையும் யாரும் பார்ப்பதில்லை. டெல்லியில் ஏ.எஸ். ராகவன் தொடங்கிய ‘திருப்புகழ் அன்பர்கள்’ மும்பை, சென்னை என்று பரவியதில், ஊர்விட்டு ஊர்வந்த பல தமிழ்ப் பெண்களுக்கு வாராந்திர வகுப்பு ஒரு பிடிமானமானது. தோழிகள் செய்யக்கூடியதும் உண்டு. துக்கம் கேட்டுவிட்டுத் திரும்பும்போதே “வெள்ளிக்கிழமை நானே வந்து கூட்டிட்டுப் போறேன், அக்கா” என்று நாள் குறித்துச் சொல்லிவிட்டு வரலாம்.

கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களுக்கும் இழப்பு வருகிறது, இடமாற்றம் வருகிறது. அவர்களுக்கும் இடம் உண்டு. வள்ளலார் 1867 மே 23 அன்று வடலூரில் தொடங்கிய தருமச்சாலையின் அடுப்பு இன்றுவரை அணைந்ததில்லை. காய் நறுக்கவும் இலை எடுக்கவும் வருகிறவரை நம்பிக்கை உண்டா என்று கேட்பது அங்கே வழக்கமில்லை. ஊர்தோறும் உள்ள திருக்குறள் முற்றோதல் குழுவிலும் இரத்ததானக் குழுவிலும் இதே துணை கிடைக்கும்.

இனி எச்சரிக்கை. மனம் உடைந்திருக்கும்போது எவர் அன்பாகப் பேசினாலும் அவர் பின்னால் போகத் தோன்றும். இதைத் தெரிந்து பிழைப்பு நடத்துகிறவர்கள் எல்லா மதத்திலும் இருக்கிறார்கள். கொடுத்த பணத்துக்கு ரசீது கேட்டால் முகம் மாறுகிற இடம், பழைய நண்பர்களையும் உறவையும் விட்டுவிடச் சொல்கிற இடம், ஒருவர் விலகிப்போனால் அவருக்குக் கேடு வரும் என்று பயமுறுத்துகிற இடம், சர்க்கரைக்கோ ரத்தக்கொதிப்புக்கோ மனநோய்க்கோ எடுக்கும் மாத்திரையை நிறுத்தச் சொல்கிற இடம்: இவற்றில் ஒன்று தெரிந்தாலே வெளியே வந்துவிட வேண்டும். முதல் ஆறு மாதம் பெரிய தொகை எதுவும் கொடுப்பதில்லை, நகை, பத்திரம் எதையும் எங்கும் ஒப்படைப்பதில்லை என்று வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்துக்கொள்வது உதவும். “பிள்ளைகளைக் கேட்டுச் சொல்றேன்” என்று நழுவ வழி கிடைக்கும்.

மனநோய் என்றால் இன்னும் கவனம் வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவுக்கு வந்த மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த தனியார் விடுதி ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிப்போடப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் பிரார்த்தனையையும் மருந்தையும் ஒரே இடத்தில் வைக்க வேண்டும் என்ற எண்ணம் அரசிடம் வலுப்பட்டது. ஏர்வாடியில் தர்காவுக்கு வருகிறவர்களுக்கு அங்கேயே மனநல மருத்துவர் பார்க்கும் ஏற்பாடு வந்தது. திருச்சி அருகே குணசீலம் பெருமாள் கோயிலை ஒட்டி மனநல மறுவாழ்வு மையம் இருக்கிறது. வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, சாகலாம் போலிருக்கிறது என்று ஒருவர் சொன்னால், பஜனைக்கு அழைத்துப்போவதோடு நிறுத்தாமல் மருத்துவரிடமும் அழைத்துப்போக வேண்டும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இரவும் பகலும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. தமிழகத்தில் 104க்கும் கூப்பிடலாம்.

சேர்ந்த முதல் நாளே மனசு ஒட்டிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். முதல் இரண்டு வாரமும் எல்லாரும் ஒருவரையொருவர் பெயர்சொல்லிக் கூப்பிட்டுச் சிரித்துக்கொண்டிருப்பார்கள், புதியவர் செருப்புப் பக்கம் நின்றுகொண்டிருப்பார். மூன்றாவது வாரம் ஒருவர் இடம்விட்டு நகர்ந்து உட்காருவார். நாலு வாரம் விடாமல் போய்ப் பார்த்து, அதற்குப் பிறகும் ஒட்டவில்லை என்றால் வேறு குழுவுக்குப் போகலாம். அதில் சாமிகுற்றம் எதுவுமில்லை. சீக்கிரம் ஒட்டுவதற்கு ஒரு வழி, வாராவாரம் செய்ய வேண்டிய சின்னப் பொறுப்பு ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்வது. ஜமக்காளம் விரிப்பது, பாட்டுப் புத்தகங்களை எண்ணி அடுக்குவது, பிரசாதத்துக்குத் தொன்னை வாங்கிவருவது போதும். தொன்னை வாங்கிவருகிறவர் வரவில்லை என்றால் யாராவது போன் செய்தே ஆகவேண்டும்.

முழங்கால் வலியால் படியேற முடியாதவர், படுக்கையில் கிடக்கும் மாமியாரை விட்டு நகர முடியாத மருமகள் போன்றவர்கள் கூட்டத்தை வீட்டுக்கு அழைக்கலாம். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் சனிக்கிழமை சஹஸ்ரநாமம் சொல்லும் குழு மாதம் ஒருமுறை வீடுமாறிக் கூடுவது சாதாரணம். சுண்டலும் காப்பியும் போதும் என்று முன்னாலேயே பேசிக்கொண்டால் யாருக்கும் சுமையில்லை. 2020 ஊரடங்கில் ஜூமுக்கு மாறிய பாராயணக் குழுக்கள் சில இன்னும் அப்படியே தொடர்கின்றன. சென்னையில் ஒருவர், நியூ ஜெர்சியில் ஒருவர், மதுரையில் ஒருவர் என்று உட்கார்ந்து பாடுகிறார்கள். சேர விரும்புகிறவர் தெரிந்த ஒருவர் மூலமாக இணைப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு, முதல் நாள் பாராயணம் தொடங்குவதற்குப் பத்து நிமிஷம் முன்பே உள்ளே போவது நல்லது. பாட்டு தொடங்கிவிட்டால் எல்லாரும் மைக்கை அணைத்துவிடுவார்கள். பேசிப் பழகக் கிடைப்பது அந்தப் பத்து நிமிஷம்தான்.